லாண்ட்ரிக்கு மேல் ஓர் அறை

பிப்ரவரி 9

அன்புள்ள உனக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஒரே பக்கமாகச் சாய்ந்து தூங்கியதில் கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா சௌக்கியம். உன் கால் வீக்கம் குறைந்ததா?

ஊரே உன்னை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறது. கட்டின புருஷன் நான் ஒருத்தன்தான் அப்படிக் கூப்பிட முடியாதவன். அதனால்தான் மேலே வெறும் ‘உனக்கு’ என்று போட்டிருக்கிறேன், கோபம் என்று நினைத்துவிடாதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, கடிதம் எழுதினால் சண்டை வரக் குறைந்தது ஒரு வாரமாவது ஆகும் என்று நீ சொன்னது நியாயம்தான். எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு இந்த வீடு பிடிக்கவில்லை. சிரிக்காதே. பிறந்து வளர்ந்த வீடு. முன்னறையில் தையல் கடை, பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நீல நூல் எது, கறுப்பு நூல் எது என்று எடுத்துத் தருவேன். ஆனால் நேற்றுக் காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்க இடது பக்கம் கையை நீட்டினேன். சுவரில் போய் இடித்தது. ஜன்னல் உன் அறையில் அல்லவா இருக்கிறது. கீழே கால் வைத்தால் தரை ஜில்லென்கிறது. கீழ்த் தளத்தில் லாண்ட்ரி ஓடுவதால் உன் அறைத் தரை எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். வெறுங்காலோடு நடந்து பழகிவிட்டேன் போலிருக்கிறது.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “என்னடா, எதையோ வண்டியில விட்டுட்டு வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?”

“எதையும் விடலை.”

“பெட்டிய நல்லாப் பாரு.”

முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பயணிகளிடமும் இப்படித்தான் பேசியிருப்பார்.

அந்த மேஜை இழுப்பறை இன்னும் சிக்குகிறதா? ஓரத்தில் சோப்பைத் தேய். ஜன்னலுக்கு நான் போட்ட கொக்கி நிற்கிறதா? லாண்ட்ரிக்காரர் காலையில் ஏழெட்டுத் தும்மல் தும்முவாரே, அதைக் கேட்காமல் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இல்லை.

இப்படிக்கு,
கழுத்துப் பிடித்தவன்


பிப்ரவரி 21

அன்புள்ள மாஸ்டருக்கு,

ஊரே உங்களை மாஸ்டர் என்கிறது. அப்படிக் கூப்பிட எனக்குத் தடையில்லை. கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எழுதியது நீங்கள்தானா என்று கையெழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் வந்தீர்கள். வந்து மூன்று வாரமும் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? தரை சுடுகிறது, மனுஷன் படுப்பானா. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் மூஞ்சியில் அடிக்கிறது. லாண்ட்ரிக்காரருக்கு என்ன நோயோ, தும்மியே செத்துவிடுவார். தண்ணீர் ஒரு மாதிரி. தெரு ஒரு மாதிரி. “நம்ம வீட்டுல இந்நேரம்...” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. வீட்டு நினைப்பில் முகம் தொங்கிப்போய் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இப்போது அங்கே போய் உட்கார்ந்துகொண்டு இங்கே இருப்பதற்கு ஏங்குகிறீர்கள். உங்களை எந்த ஊரில்தான் வைப்பது?

டயாலிசிஸ் பிரிவில் இரண்டு புது மிஷின் வந்திருக்கிறது. ஆள் மட்டும் வரவில்லை. பன்னிரண்டு படுக்கைக்கு நாங்கள் நான்கு பேர்.

இனிமேல் ஆஸ்பத்திரி முகவரிக்கே எழுதுங்கள். அறைக்கு எழுதினால் லாண்ட்ரியில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், துணி மூட்டைக்குள் போய்விடுகிறது.

ரயில் கிளம்பும்போது நான் ஒன்று கேட்டேன். “இங்கயே வந்துடுங்களேன்” என்று. சத்தத்தில் உங்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவசரமில்லை.

இப்படிக்கு,
சிஸ்டர் (மற்றவர்களுக்கு)


மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

கழுத்து தேவலை. அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, வாய் அதைவிடப் பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நான் குறை சொன்னேன் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். குறை சொல்லாமல் எந்த இடம் நம்முடையதாகும்? ஓட்டலில் போய்த் தங்கினால் யாராவது ஜன்னலைப் பற்றிப் பேசுவார்களா?

இங்கே எனக்கு எல்லாமே எரிச்சலாக இருக்கிறது. அப்பா ரேடியோவை வைத்துவிட்டுத் தூங்கிப்போகிறார். நிறுத்தினால் விழித்துக்கொண்டு “யாருடா நிறுத்தினது” என்கிறார். காஜா எடுக்கிற அக்கா எதிரில் உட்கார்ந்து பட்டன் துளையைச் சுற்றி நூலை முடிந்துகொண்டே, “மாஸ்டர், அந்த ஊர்ல துணி என்ன விலை, ஜனங்க எப்படி இருப்பாங்க?” என்று ஓயாமல் கேட்கிறார். நானும் சொல்லிச் சொல்லி, அவருக்கு உன் அறை முழுக்க மனப்பாடம். “இழுப்பறைக்கு சோப்பு போட்டாங்களாமா?” என்று நேற்று அவரே கேட்டார். நீ அதற்குப் பதிலே எழுதவில்லை.

உன் அறையில் சாயங்காலம் எதிர்ச்சுவரில் கொஞ்ச நேரம் வெயில் அடித்து, அந்த வெளிச்சம் திரும்பி நம் பக்கம் வருமே. அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்தால் கண்ணாடியே வேண்டாம். இங்கே பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு வெட்டுகிறேன்.

நீ கேட்டது காதில் விழுந்தது. யோசிக்கிறேன். அப்பா இருக்கிறார் அல்லவா.

கொக்கி நிற்கிறதா, இல்லையா?

இப்படிக்கு,
உன்னவன்


மார்ச் 30

அன்புள்ள மாஸ்டருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அங்கே எல்லாரும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். தாமதத்துக்குக் காரணம் வேலை.

மூன்றாம் நம்பர் படுக்கைப் பெரியவருக்கு நீங்கள் இங்கே இருந்தபோது சட்டை மாற்றித் தைத்துக் கொடுத்தீர்களே, தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையைப் பிரித்து, பிரஸ் பட்டன் வைத்து. அதைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார். படுத்ததும் ‘டக் டக் டக்’ என்று தானே திறந்து கையை நீட்டுகிறார், நாங்கள் ஊசி போட. முன்பெல்லாம் நான்கு மணி நேரமும் பாதிச் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்திருப்பார். இப்போது மற்ற படுக்கைக்காரர்களுக்கு அவரைப் பார்த்தால் வயிற்றெரிச்சல்.

நேற்றுக் கேட்டார்: “சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?”

“ஏன், பட்டன் போயிடுச்சா?”

“பட்டன் நல்லா இருக்கு. ஆளத்தான் காணோமேன்னு கேட்டேன்.”

“அவங்க வீட்டுக்குப் போயிருக்காங்க.”

“அவங்க வீடா? அப்ப நீங்க இருக்கிறது யாரு வீடு?”

ரத்த அழுத்தம் பார்க்கும்போது பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நிர்வாகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருப்பதாக இருந்தால் மே மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நம் ஊரில் டயாலிசிஸ் பிரிவை மூடியதால்தான் இங்கே வந்தேன், இப்போதும் அங்கே திறக்கவில்லை. திரும்பி வந்தால் எனக்கு அந்த வேலை இல்லை. என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 8

அன்புள்ள உனக்கு,

இங்கே நலம். உன் கடிதத்தில் உன் காலைப் பற்றி ஒன்றுமே இல்லை. வீக்கம் இருக்கிறதா இல்லையா?

சட்டை விஷயம் படித்து எனக்கு ஒரே சந்தோஷம். காஜா அக்காவிடமும் படித்துக் காட்டினேன், அப்பாவிடமும் காட்டினேன். அப்பா, “அதுல ஒரு தப்பு இருக்கு, இடது கைக்காரனா வலது கைக்காரனான்னு கேட்டுட்டுத்தான் பட்டன் வைக்கணும்” என்றார். சரிதான். ஒரு கையால் திறக்க வேண்டும் அல்லவா. இன்னொரு யோசனையும் வந்தது. பட்டனுக்கு அடியில் ஒரு பட்டி வைத்துத் தைத்தால் உலோகம் தோலில் படாது. மற்றவர்களுக்கும் வேண்டுமென்றால் கழுத்து, தோள், கை நீளம், எந்தக் கையில் ஊசி என்று எல்லாம் எழுதி அனுப்பு. இங்கிருந்தே தைத்துப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன். அதற்காக நான் அங்கே வர வேண்டியதே இல்லை பார்.

ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. உன் அறையில் தரைச் சூடும் வெளிச் சூடும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தாதே, காற்று அங்கேதான் வரும். லாண்ட்ரிக்காரரை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன்னவன்


ஏப்ரல் 19

மாஸ்டருக்கு,

கால் வீக்கம் இருக்கிறது. மாமாவுக்கு என் வணக்கம். குசலம் விசாரித்தாகிவிட்டது.

லாண்ட்ரிக்காரரை விசாரிக்க முடியாது. கட்டிலை நகர்த்தவும் முடியாது. நான் அந்த அறையில் இல்லை.

நீங்கள் ரயிலேறிய அதே வாரம் காலி செய்துவிட்டேன். இப்போது ஆஸ்பத்திரி விடுதியில் இருக்கிறேன். ஓர் அறைக்கு நான்கு பேர், எனக்கு மேல் படுக்கை. இங்கே ஜன்னல் கிடையாது, மின்விசிறிதான். உங்கள் அறையில் இப்போது ஒரு புருஷன் பெண்டாட்டி குடியிருக்கிறார்கள். கொக்கி நிற்கிறதா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த அறையில் இரண்டு வருஷம் தனியாக இருந்தேன். ஒரு குறையும் தெரிந்ததில்லை. வருவேன், குளிப்பேன், படுத்தால் தூக்கம். நீங்கள் வந்து, மூன்று வாரம் புலம்பி, கொக்கி மாட்டி, எங்கே பார்த்தாலும் நூல்துணுக்கு போட்டுவிட்டுப் போன பிறகுதான் அது தனி அறையானது. கதவைத் திறக்கக் கை வரவில்லை. “சார் எப்ப வருவாரு?” என்று லாண்ட்ரிக்காரர் தினமும் கேட்டார். இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? அன்றைக்கே விடுதிக்கு மனுக் கொடுத்தேன்.

உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது, ஜன்னலும் இழுப்பறையும் தும்மலுமாக. இப்படி எழுதுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று விட்டேன். பிறகு எரிச்சல் வர ஆரம்பித்தது. நான் வரச் சொன்னது உங்களை. நீங்கள் விசாரிப்பது ஜன்னலை. உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வரியாவது என்னைத் தேடுகிறது என்று இருக்கிறதா பார்த்தேன். சோப்பு இருக்கிறது. வெயில் இருக்கிறது. கட்டில் இருக்கிறது.

‘குறுக்கே நிற்க மாட்டேன்’ என்கிறீர்கள். குறுக்கே நில்லுங்களேன். எங்கேயாவது நில்லுங்கள்.

இப்படிக்கு,
மேல் படுக்கைக்காரி


ஏப்ரல் 28

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம்.

இரண்டரை மாதமாக நீ இல்லாத அறைக்கு இழுப்பறை சரி செய்துகொண்டிருந்தேன். நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய். காஜா அக்காவிடம் நான் என்ன சொல்வது? எனக்கு இப்போது எழுத ஒன்றுமில்லை.


மே 22

அன்புள்ள மருமகளுக்கு மாமா ஆசீர்வாதம்.

நான் நலமாக இருக்கிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன். நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது.

உன் புருஷனை என்னால் தாங்க முடியவில்லை. நீ அவனைக் கூட்டிக்கொள்.

ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. தலைவலி என்றான். திறந்த அன்றைக்கு ஒரு கோட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டி வைத்தான். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கோட்டுக்காரர் நல்லவர், வேறு துணி கொண்டுவந்து கொடுத்தார். காஜா எடுக்கிற அம்மாவைத் திட்டினான். அந்த அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டு மறுநாள் வந்தார். “இவரை யார் வேலைக்கு வெச்சுக்குவா, நான்தான் வரணும்” என்றார். கட்டிலைச் சமையலறை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டான். மழைச் சாரல் அடித்தது. திரும்ப இழுத்தான். நான் மதியத்தில் தூங்குகிறவன்.

முந்தாநாள் ஒரு அம்மா தலையணை உறை தைக்கக் கொடுக்க வந்தார். அவரிடம், “என் வொய்ஃப் ஊசி போட்டா போட்டதே தெரியாது. அங்க எல்லாரும் அவகிட்டதான் போடணும்னு காத்திருப்பாங்க” என்று கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மா உறையை வாங்கிக்கொள்ள வருவாரா என்று தெரியவில்லை.

இன்னொன்று. ‘அப்பாவை விட்டுட்டு எப்படிப் போறது’ என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அங்கே வந்திருந்த மூன்று வாரம் நான் செத்தா போனேன்? நன்றாகத்தான் இருந்தேன். ரேடியோவை யாரும் நிறுத்தவில்லை.

உங்களுக்குள் என்ன தகராறு என்று நான் கேட்க மாட்டேன். நீ எழுதினால் நிமிர்ந்து உட்காருவான் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா


மே 30

அன்புள்ள மாஸ்டருக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தலைவலி என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டாம், மாமாவை முறைக்கவும் வேண்டாம்.

சொல்லாமல் மறைத்தது எனக்கும் நன்றாக இல்லை. அதற்காக நீங்கள் கோபப்பட்டது நியாயம். ஒரு மாதம் கோபப்பட்டது நியாயமில்லை.

நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று வருஷம் இருக்கிறேன் என்று. உங்களைக் கேட்காமல்தான் கொடுத்தேன். கேட்டபோது நீங்கள் சொன்ன பதில் எனக்குப் போதவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும். ஐந்தாம் நம்பர் படுக்கைக்கு மிஷினைப் பார்த்தாலே உடம்பு உதறும் ஒரு பெண் வருகிறாள். நான் பக்கத்தில் நின்றால்தான் கையை நீட்டுகிறாள். அவளை விட்டுவிட்டு அங்கே வந்து நான் என்ன செய்வது, உங்களுக்கு நூல் கோத்துக் கொடுக்கவா?

நீங்களும் எனக்கு வேண்டும். இதை எழுத எனக்கு வெட்கமில்லை, இரண்டாவது வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இங்கே விடுதியில் இனி இருக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு அறை. முன் அறையில் தையல் மிஷின் போடலாம். அதற்கு முன்பணம் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. மூன்று வாரம் இருந்துவிட்டுப் போக வருவதானால் வர வேண்டாம், இன்னொரு தடவை உங்களை ரயிலேற்றிவிட என்னால் ஆகாது. வந்தால் இருக்க வாருங்கள். வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ‘யோசிக்கிறேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களவள்


ஜூன் 8

அன்புள்ள உனக்கு,

நலம். அப்பா நலம், ஆனால் அவரை நான் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ வரச் சொன்னபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உனக்குத் தெரியாது. இங்கே தெருவில் இறங்கினால் நாலு பேர் “என்ன மாஸ்டர்” என்பார்கள். அங்கே நான் யார்? ‘சிஸ்டர் வீட்டுக்காரர்’. லாண்ட்ரிக்காரர் முதல் நாள் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். இரண்டாவது வாரம் யாரோ பின்னாலிருந்து அப்படிக் கூப்பிட்டபோது நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டதே என்று எனக்குப் பயமாகப் போய்விட்டது. அதனால்தான் தரை சுடுகிறது, தண்ணீர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு என்ன சொல்வது?

நேற்று அப்பாவிடம் பேசினேன்.

“நான் அங்க போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“ரேடியோ கேப்பேன்.”

“முழங்காலோட தனியா எப்படிப்பா?”

“நீ இருக்கிறப்ப மட்டும் என் முழங்கால நீயா மடக்கி நீட்டுற?”

“நீங்களும் வந்துடுங்களேன்.”

“எனக்கு இந்த வீடு போதும். மூணு வருஷமோ முப்பது வருஷமோ, நீ போய் அவகூட இரு. எனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.”

சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அதற்குமேல் பேச முடியவில்லை.

கடையைக் காஜா அக்கா எடுத்து நடத்துகிறார். தன் மிஷினைக் கொண்டுவந்து போடப் போகிறார். மதியச் சாப்பாடு அப்பாவுக்கு அவரே கொண்டுவருவதாகச் சொன்னார். நான் தயங்கினேன். “உங்களைச் சமாளிச்சவளுக்கு அவர் எம்மாத்திரம்” என்றார்.

முன்பணம் கொடுத்துவிடு. மிஷின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்து வருகிறேன். கால்பகுதியை அங்கே வாங்கிக்கொள்ளலாம். இருபத்தைந்தாம் தேதி வண்டி.

நீ தேடின வரியை எழுதலாம் என்று நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். எழுதினால் யாரோ எழுதின மாதிரி இருக்கிறது. காலையில் எழுந்தால் உன் செருப்புச் சத்தம் கேட்கவில்லை என்று எரிச்சல் வருகிறது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

இப்படிக்கு,
உன்னவன்


ஜூலை 17

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி? அக்கா சாப்பாட்டில் உப்பு குறைத்துப் போடுகிறாரா?

உங்கள் மகனைப் பற்றி ஒரு புகார். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் ஆரம்பித்துவிட்டார். இந்த வீட்டில் தரை ஜில்லென்று இருக்கிறதாம். ஜன்னலில் காற்று அதிகமாம், வெட்டி வைத்த துணி பறக்கிறதாம். கீழே யாருமே தும்முவதில்லையாம். சாயங்காலமானால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “அப்பா இந்நேரம் ரேடியோவ வெச்சுட்டுத் தூங்கியிருப்பாரு. யாரு நிறுத்துவா?” என்கிறார். “அக்கா நிறுத்துவாங்க” என்றால், “அவங்களுக்கு எந்தப் பக்கம் திருகணும்னு தெரியாது” என்கிறார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வேலை நன்றாகப் போகிறது. ஆறு சட்டை கொடுத்துவிட்டார். ஐந்தாம் நம்பர் பெண்ணுக்குக் கையில் பூ வேலை செய்து ஒரு ஜாக்கெட். அதைப் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு அவளுக்கு மிஷினைப் பார்த்து உதறவில்லை. அவளே பட்டனைத் திறந்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “பட்டி வெச்சுத் தெச்சேன்ல, அதான்” என்றார்.

தினமும் என் கால் வீக்கத்தை அளவு நாடா போட்டு அளக்கிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

தெருவில் இவரை இன்னும் சிஸ்டர் வீட்டுக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். முறைக்கிறார், ஆனால் திரும்பிப் பார்க்கிறார்.

கடிதம் போடுங்கள். உங்கள் கடிதம் வராததால் இவர் என்னைப் பிய்த்து எடுக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்


ஜூலை 28

அன்புள்ள மருமகளுக்கும் மகனுக்கும் ஆசீர்வாதம்.

நான் நலம். உப்பு குறைவாகத்தான் இருக்கிறது. முழங்காலில் மாற்றம் இல்லை.

ரேடியோவை யாரும் நிறுத்த வேண்டாம். நான் இப்போது அதிகம் போடுவதில்லை. அடுத்த அறையில் ஆள் இருந்தால் போட்டுக் கேட்கலாம். தனியாக உட்கார்ந்து கேட்டால் ரேடியோக்காரன் வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி இருக்கிறது.

காஜா அம்மா நல்லபடியாகக் கடை நடத்துகிறார். கோட்டுக்குச் சரியான கைகள் வைக்கிறார். அவர் மிஷின் ஒரே சீராக ஓடுகிறது. இவனுடையது கொஞ்சம் ஓடும், நிற்கும், ஏதாவது முணுமுணுப்பான், மறுபடி ஓடும். அந்தச் சத்தத்தில் எனக்கு மதியம் தூக்கம் வரும். இப்போது வருவதில்லை. வயதானால் தூக்கம் குறையும் என்று சொல்கிறார்கள், அதுவாக இருக்கும்.

வீடு அமைதியாக இருக்கிறது. நான் கேட்டதும் அதைத்தான். குறை ஒன்றும் இல்லை.

உங்கள் ஊர் வண்டியில் கீழ்ப் படுக்கை கேட்டால் கொடுப்பார்களா, வழியில் எங்கேயாவது மாற வேண்டுமா என்று விசாரித்து எழுதவும். பாதை தெரிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம், வேறொன்றும் இல்லை. மாடி வீடு என்று இவன் கிளம்பும்போது சொன்னான். எத்தனை படி என்று எழுதவில்லை. கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது?

இப்படிக்கு,
அப்பா